சம்பளம் பாதி, தவணை மீதி... மசாஜ் சர்டிபிகேட் படிப்பை நம்பி கடனில் இறங்கலாமா? ஓரிக்கை பெற்றோர் போட வேண்டிய கணக்கு

காஞ்சீபுரம்:

பட்டு நகரமான காஞ்சீபுரத்தின் தெற்கு ஓரத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிறது ஓரிக்கை. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன் ஊரை விட்டு வெளியேறியபோது, அவர் பின்னால் ஆழ்வாரும், ஆழ்வார் பின்னால் பெருமாளும் கிளம்பி வந்து ஓர் இரவு தங்கிய இடம் இது. ‘ஓர் இரவு இருக்கை’ என்பதே ஓரிக்கை ஆனது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

பெருமாள் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் திரும்பிப் போய்விட்டார். ஆனால் நெசவாளர் வீட்டுக்குள் வந்து உட்காரும் கடன் அப்படி மறுநாளே எழுந்து போவதில்லை. அன்று தறிக்காக வாங்கிய கடன். இன்று பிள்ளைகளின் ‘கோர்ஸ்’ படிப்புக்காக வாங்கும் கடன்.

‘பிளஸ்-2 பாஸ் அல்லது பெயில், 6 மாத படிப்பு, 100 சதவீத வேலை உறுதி’ என்ற நோட்டீசை பஸ் நிறுத்தத்திலோ, லைட் கம்பத்திலோ பார்க்காதவர்கள் குறைவு. அழகுக்கலை, ஸ்பா தெரபி, ஆயுர்வேத மசாஜ் என்று பெயர்கள் மட்டும் மாறும். கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் உடனே பதில் வரும். படித்து முடித்தால் கையில் எவ்வளவு சம்பளம் வரும் என்று கேட்டால்தான் பேச்சு சுற்றி வளைத்துப் போகும்.

அந்தப் பதிலை வாங்காமல் பணம் கட்டுவதில்தான் ஆபத்தே இருக்கிறது.

அன்று தறி முன்பணம்

கடன் வாங்கிவிட்டு உழைப்பால் கழிப்பது காஞ்சீபுரத்துக்கு புதிய விஷயம் இல்லை. பட்டு முதலாளியிடம் முன்பணம் வாங்குவது, கூலியில் கழிப்பது, கழிந்து முடிவதற்குள் கல்யாணம், வைத்தியம் என்று மறுபடியும் வாங்குவது... இப்படியே தலைமுறைகள் ஓடின.

கோர்வை சேலை நெய்ய தறியில் இன்னொரு ஆள் வேண்டும். பார்டருக்கு நாடா தள்ளும் அந்த வேலைக்கு சின்ன பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பெயரிலேயே முன்பணம் கைமாறியது. 1976-ம் ஆண்டே கொத்தடிமை முறை ஒழிப்பு சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பட்டுத் தொழிலில் கடனுக்காக வேலை பார்க்கும் குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் தனி அறிக்கையே வெளியிட்டது. கர்நாடகா, உத்தரபிரதேசத்தோடு தமிழ்நாடும் அதில் இடம்பெற்றது.

அதற்குப் பிறகு நிலைமை மாறியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பிளஸ்-2 முடித்தார்கள். ‘நாங்க பட்ட கஷ்டம் போதும், நீயாவது தறியில உட்காராதே’ என்பது பல நெசவாளர் வீடுகளின் ஆசை. அந்த ஆசையைத்தான் நோட்டீஸ்காரர்கள் காசாக்கப் பார்க்கிறார்கள்.

அன்று வேலை பார்ப்பதற்கு முன்பணம் கொடுத்தார்கள். இன்று வேலை கிடைப்பதற்கு முன்பே நாம் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ரெண்டிலும் கடன் நம்ம வீட்டு கணக்கில்தான் ஏறுகிறது.

ரூ.60 ஆயிரத்தின் கதை

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது யார் வீட்டு கணக்கும் இல்லை. அவரவர் தொகையை போட்டு அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பெண் 6 மாத மசாஜ் தெரபி படிப்பில் சேருகிறார். கட்டணம் ரூ.60 ஆயிரம். படித்து முடித்ததும் மாதம் ரூ.12 ஆயிரம் சம்பளத்தில் வேலை கிடைக்கிறது.

அந்த ரூ.60 ஆயிரத்தை வங்கியில் 11 சதவீத வட்டிக்கு, 5 வருட தவணையில் வாங்கினால் மாதம் சுமார் ரூ.1,300 கட்ட வேண்டும். மொத்தமாக சுமார் ரூ.78 ஆயிரம் கட்டினால் கடன் முடிந்துவிடும்.

அதே பணத்தை வெளியில் மூணு வட்டிக்கு வாங்கினால் கதையே வேறு. மாதம் ரூ.1,800 வட்டி மட்டும். 2 வருடம் 10 மாதத்தில் கட்டிய வட்டியே அசலை தாண்டிவிடும். அசல் ரூ.60 ஆயிரம் ஒரு ரூபாய் கூட குறையாமல் அப்படியே நிற்கும்.

இதில் பஸ் செலவு, யூனிபார்ம், தேர்வு கட்டணம், வெளியூர் என்றால் தங்குமிடம், சாப்பாடு எதுவும் சேரவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பார்கள். சில படிப்புகளின் கணக்கு அப்படித்தான் ஆகிவிடுகிறது.

கமலா ஹாரிஸ் போட்ட வழக்கு

இது நம்ம ஊர் பிரச்சினை மட்டும் இல்லை. பணக்கார நாடான அமெரிக்காவே இதில் சூடு பட்டிருக்கிறது.

அங்கே கொரிந்தியன் கல்லூரிகள் என்ற தனியார் நிறுவனம் ‘எவரெஸ்ட்’ உள்ளிட்ட பெயர்களில் நாடு முழுவதும் கல்லூரிகளை நடத்தியது. மசாஜ் தெரபி, மருத்துவ உதவியாளர் போன்ற குறுகிய கால படிப்புகளை சொல்லிக் கொடுத்தது. ஏழை வீட்டு பிள்ளைகள் அரசு கடன் வாங்கி சேர்ந்தார்கள்.

படித்தவர்களுக்கு வேலை கிடைப்பதாக அந்த நிறுவனம் காட்டிய கணக்கு பொய் என்று 2013-ல் வழக்கு தொடர்ந்தவர் யார் தெரியுமா? அப்போது கலிபோர்னியா மாகாண அட்டர்னி ஜெனரலாக இருந்த கமலா ஹாரிஸ். பின்னாளில் அமெரிக்க துணை ஜனாதிபதி ஆனவர். மன்னார்குடி அருகே உள்ள துளசேந்திரபுரம்தான் இவரது தாய்வழி தாத்தாவின் பூர்வீகம்.

2015 ஏப்ரலில் அந்த கல்லூரிகள் ஒரேயடியாக மூடப்பட்டன. மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2016-ல் கோர்ட்டு 110 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. ஆனால் திவாலான நிறுவனத்திடம் வசூலிக்க என்ன இருக்கும்? கடைசியில் 2022 ஜூனில் அமெரிக்க அரசே இறங்கி வந்து, அங்கு படித்த 5 லட்சத்து 60 ஆயிரம் பேரின் 580 கோடி டாலர் கடனை தள்ளுபடி செய்தது.

கல்லூரி மூடியதில் இருந்து எண்ணினாலே 7 வருடம். அதுவரை கடன் படித்தவர்கள் தலையில்தான் இருந்தது.

8 சதவீத அளவுகோல்

பட்ட அடியில் இருந்து அமெரிக்க அரசு 2023-ல் ஒரு விதியை வெளியிட்டது. அதில் ரெண்டு சோதனைகள் இருந்தன.

முதல் சோதனை: படித்தவர் கட்டும் கடன் தவணை, அவருடைய சம்பளத்தில் 8 சதவீதத்துக்குள் இருக்கிறதா? இல்லாவிட்டால், அத்தியாவசிய செலவு போக மிஞ்சும் வருமானத்தில் 20 சதவீதத்துக்குள்ளாவது அடங்குகிறதா?

ரெண்டாவது சோதனை: அந்த படிப்பை படிக்காமல் பள்ளிப் படிப்போடு நின்றவரை விட இவர் கூடுதலாக சம்பாதிக்கிறாரா?

அந்த நாட்டு சட்டம் நமக்கு தேவை இல்லை. ஆனால் இந்த அளவுகோலை ஓரிக்கையில் உட்கார்ந்துகொண்டே போட்டுப் பார்க்கலாம். காசு செலவில்லை.

சம்பளம் ரூ.12 ஆயிரம் என்றால் அதில் 8 சதவீதம் ரூ.960. வங்கி தவணையே ரூ.1,300 வருகிறது. அங்கேயே தாண்டிவிட்டது. மூணு வட்டி என்றால் ரூ.1,800. சம்பளத்தில் 15 சதவீதம் வட்டிக்கு மட்டும் போகிறது. ரூ.1,300 தவணை கட்ட வேண்டும் என்றால் சம்பளம் ரூ.16 ஆயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

திருப்பிப் போட்டால், ரூ.12 ஆயிரம் சம்பளத்துக்கு வங்கியில் சுமார் ரூ.44 ஆயிரத்துக்கு மேல் கடன் வாங்கினால் அளவு மீறுகிறது.

நம்ம நாட்டில் மைக்ரோ பைனான்ஸ் கடன் வாங்கும் குடும்பத்துக்கு, எல்லா கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தை தாண்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டது. ஏற்கனவே குழு கடன், நகைக்கடன் இருக்கும் வீட்டில் கோர்ஸ் கடனும் சேர்ந்தால் அந்த 50 சதவீதம் எட்டுவதற்கு அதிக நாள் ஆகாது.

கம்பெனி பஸ்சா, கோர்சா?

ரெண்டாவது சோதனைதான் காஞ்சீபுரத்துக்கு ரொம்ப முக்கியம். காரணம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பகுதியில் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பிளஸ்-2 படித்த பெண்களை ஏற்றிச் செல்ல கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. அந்த வேலைக்கு 6 மாத சர்டிபிகேட் தேவை இல்லை.

ஒரு பெண் அப்படி வேலைக்குப் போனால் மாதம் ரூ.12 ஆயிரம் வாங்குவார் என்று வைத்துக்கொள்வோம். 6 மாதம் படிக்க உட்கார்ந்தால் ரூ.72 ஆயிரம் சம்பளம் போச்சு. கட்டணம் ரூ.60 ஆயிரத்தையும் சேர்த்தால் படிப்பின் உண்மையான விலை ரூ.1 லட்சத்து 32 ஆயிரம்.

படித்த பிறகு மசாஜ் வேலையில் ரூ.15 ஆயிரம் கிடைத்தால், மாதம் ரூ.3 ஆயிரம் கூடுதல். போட்ட பணம் திரும்பி வரவே 3 வருடம் 8 மாதம் ஆகும். அதே ரூ.12 ஆயிரம்தான் கிடைக்கிறது என்றால் போட்ட பணம் எந்தக் காலத்திலும் திரும்பாது.

தொழிற்சாலை வேலை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டிரைக் செய்ததை ஊரே பார்த்தது. ஆனால் கடன் வாங்காமல் கிடைக்கும் வேலை எது, கடன் வாங்கி கிடைக்கும் வேலை எது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கைதான் மூலதனம்

மசாஜ் தொழிலில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இது உடம்பை போட்டு செய்யும் வேலை. மணிக்கட்டு, கட்டைவிரல், தோள், இடுப்பு எல்லாம் வலிக்கும். ஒரு நாளைக்கு இத்தனை பேருக்குத்தான் செய்ய முடியும் என்று உடம்பே ஒரு எல்லை போட்டுவிடும். அதனால் வருமானத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது.

மேலும் பல இடங்களில் அடிப்படை சம்பளம் கொஞ்சமும், மீதி கமிஷன், டிப்ஸ் என்றும் இருக்கும். நோட்டீசில் போடும் தொகை இதையெல்லாம் கூட்டிய தொகையாக இருக்கலாம். மாமல்லபுரம், கிழக்கு கடற்கரை சாலை ரிசார்ட்டுகளில் சீசனில் கூட்டம் வரும். சீசன் போனால் கமிஷன் குறையும். கடன் தவணைக்கு சீசன் கிடையாது. மாதம் பிறந்தால் கட்டியாக வேண்டும்.

‘மசாஜ் சென்டர்’ என்றாலே தப்பாகப் பார்க்கும் பேச்சும் இந்த வேலைக்கு வரும் பெண்களை வதைக்கிறது. போலீஸ் சோதனை செய்தி வந்தால், ஒழுங்காக வேலை பார்ப்பவர்களும் தலைகுனிய வேண்டியிருக்கிறது. இந்த விஷயம் சென்னை ஐகோர்ட்டு வரை போனது. எல்லா ஸ்பாக்களிலும் கண்காணிப்பு கேமரா வைக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் உத்தரவிட்டார். 2022 ஜனவரியில் மதுரை கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், அப்படி கேமரா வைப்பது தனிமனித அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று மாறுபட்ட கருத்தை தெரிவித்தார்.

இத்தனைக்கும் பிடித்துவிடுவது நமக்கு புதுசு இல்லை. சித்த மருத்துவத்தில் 32 புற மருத்துவ முறைகள் உண்டு. அதில் ஒன்று தொக்கணம். தட்டல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல் என்று 9 வகையாகச் சொல்வார்கள். மரியாதையான வைத்திய முறை. ஆனால் அந்த மரியாதை 6 மாத சர்டிபிகேட் வாங்கியவருக்கு தானாக வந்துவிடுவதில்லை.

பிசியோதெரபி வேறு, மசாஜ் வேறு என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பிசியோதெரபி பட்டப்படிப்பு. 2021-ல் வந்த மத்திய சட்டப்படி அதற்கு ஆணையமும், பதிவும் உண்டு. ‘6 மாதம் படித்தால் பிசியோதெரபிஸ்ட் ஆகலாம்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

பேங்க் கேட்கும் கேள்வியே எச்சரிக்கை

திறன் பயிற்சி படிப்புகளுக்கு என்றே மத்திய அரசு 2015-ல் திறன் கடன் திட்டம் கொண்டு வந்தது. அப்போது ரூ.5 ஆயிரம் முதல் ரூ.1 லட்சத்து 50 ஆயிரம் வரை என்று இருந்தது. 2024 ஜூலையில் உச்சவரம்பு ரூ.7 லட்சத்து 50 ஆயிரமாக உயர்த்தப்பட்டது.

2015 திட்டப்படி சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது. ஒரு வருடத்துக்கு உட்பட்ட படிப்பு என்றால் முடித்து 6 மாதம் கழித்துத்தான் தவணை ஆரம்பம். மூணு வட்டிக்காரர் 6 மாதம் பொறுப்பாரா என்ன?

ஆனால் 2015 திட்டத்தில் இந்தக் கடனுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. தேசிய திறன் தகுதி கட்டமைப்பில் இடம்பெற்ற படிப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், தேசிய திறன் மேம்பாட்டு கழகத்தோடு இணைந்த மையம் போன்றவை நடத்த வேண்டும் என்றும் இருந்தது.

இங்கேதான் பெற்றோர் சறுக்குகிறார்கள். ‘இந்த படிப்புக்கு அங்கீகாரம் இல்லை, லோன் தர முடியாது’ என்று மேனேஜர் சொன்னால், அவரை திட்டிவிட்டு நேராக அடகு கடைக்கோ, வட்டிக்காரரிடமோ போய்விடுகிறார்கள். வங்கி கைவிட்ட அந்த இடத்தில்தான் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வங்கியே ஏற்காத சர்டிபிகேட்டை நாளைக்கு வேலை கொடுப்பவர் எப்படி ஏற்பார்?

அரசு சான்றிதழ் என்பதாலும் வேலை உறுதி ஆகிவிடாது. பிரதமரின் கவுசல் விகாஸ் திட்டம் பற்றி 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை, குறுகிய கால பயிற்சியில் சான்று பெற்றவர்களில் சுமார் 41 சதவீதம் பேருக்குத்தான் வேலை கிடைத்ததாகச் சொன்னது. ஒரே வித்தியாசம், அது இலவச பயிற்சி. வேலை கிடைக்காவிட்டாலும் தலையில் கடன் இல்லை.

காசு கட்டாத வழிகள்

ஐ.டி.ஐ.களுக்கான படிப்பு பட்டியலில் ஒரு வருட அழகுக்கலை, ஸ்பா தெரபி பிரிவுகள் உண்டு. எல்லா ஐ.டி.ஐ.யிலும் எல்லா பிரிவும் இருக்காது. சேரும் முன் விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சி கட்டணம் இல்லை. மாதம் ரூ.750 உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. அரசு பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்த மாணவிகளுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கும்.

ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்கு தாட்கோ மூலமும், கிராமப்புறத்தினருக்கு வங்கிகள் நடத்தும் சுயவேலைவாய்ப்பு பயிற்சி மையங்கள் மூலமும் இலவச பயிற்சிகள் நடக்கின்றன. மசாஜ் வேலையையே வைத்தியமாக கற்க விரும்புபவர்களுக்கு, இந்திய மருத்துவத்துறை நடத்தும் 2½ வருட நர்சிங் தெரபி பட்டய படிப்பு இருக்கிறது. அரசு சித்த மருத்துவமனைகளில் சிகிச்சை உதவியாளர் பணிக்கு அந்த படிப்பைத்தான் கேட்கிறார்கள்.

வெளிநாட்டு ஸ்பாவில் வேலை என்று ஆசை காட்டினால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்டு வாங்கக்கூடிய சேவை கட்டணம் அதிகபட்சம் ரூ.30 ஆயிரமும், ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அது சட்டப்படியான கட்டணம் இல்லை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்துக் கொள்ளலாம்.

சேருவதற்கு முன் 5 கேள்விகள்

1. சர்டிபிகேட் கொடுப்பது யார்? தேசிய திறன் தகுதி கட்டமைப்பில் இந்த படிப்பின் குறியீட்டு எண் என்ன?

2. போன வருடம் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர், எங்கே வேலை பார்க்கிறார்கள்? அவர்களில் 2 பேரிடம் நேரில் பேச முடியுமா?

3. சொல்லும் சம்பளத்தில் அடிப்படை சம்பளம் எவ்வளவு? கமிஷன் எவ்வளவு?

4. நடுவில் நின்றால் கட்டணம் திரும்ப கிடைக்குமா? அதை எழுத்தில் தருவார்களா?

5. கட்டும் தவணை, அடிப்படை சம்பளத்தில் 8 சதவீதத்துக்குள் அடங்குமா?

பணம் கட்டினால் கட்டாயம் ரசீது வாங்க வேண்டும். நோட்டீசையும் கிழித்துப் போடாமல் பத்திரமாக வைக்க வேண்டும். ‘100 சதவீத வேலை உறுதி’ என்று அச்சடித்துவிட்டு கைவிரித்தால், அந்த நோட்டீஸ்தான் சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

ஏற்கனவே வெளியில் கடன் வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழி இருக்கிறது. கந்துவட்டிக்கு எதிராக தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. கடன் வசூலில் மிரட்டல், தொல்லை கொடுப்பதை தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் கொண்டு வரப்பட்டது. வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டால் பயந்து ஒடுங்க வேண்டியதில்லை. போலீசிலோ, கலெக்டர் அலுவலகத்திலோ மனு கொடுக்கலாம்.

மசாஜ் தொழில் கேவலமும் இல்லை, தங்கச் சுரங்கமும் இல்லை. கற்றுக்கொண்டு பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரூ.12 ஆயிரம் சம்பள வேலைக்கு லட்ச ரூபாய் கடன் என்றால், தறியில் இருந்து எழுந்த பிள்ளையை வேறு ஒரு முன்பணத்தில் கட்டிப்போட்டது போலத்தான் ஆகும்.

தனியார் பயிற்சி மையங்கள் சேர்க்கை நோட்டீசில் கட்டணத்தோடு, படித்து முடித்தவர்கள் வாங்கும் சம்பளத்தையும் வெளியிட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் கேட்டு வாங்கினாலே பாதி பிரச்சினை தீரும். பள்ளிகள் முடிந்து கோர்ஸ் சேர்க்கை சூடுபிடிக்கும் மே, ஜூன் மாதத்துக்கு முன்பே இதை செய்தால், கம்மலை அடகு வைக்க கிளம்பும் பல தாய்மார்கள் கடை வாசலோடு திரும்பி வருவார்கள்.